கையெழுத்து போட்டாச்சு, சட்டம் எங்கே?

கேள்வி: இனப்படுகொலையைத் தடுக்கும் ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா எப்போதோ சேர்ந்துவிட்டது. ஆனால் நம் தண்டனைச் சட்டத்தில் அப்படி ஒரு குற்றமே இல்லையாமே, நிஜமா?
- சட்டக்கல்லூரி மாணவி, திருநெல்வேலி

நிஜம்தான். 1949-ல் கையெழுத்து போட்டு, 1959-ல் முறைப்படி ஏற்றும் கொண்டோம். சேரும் நாடுகள் தங்கள் ஊரில் இதற்குச் சட்டம் இயற்ற வேண்டும் என்று அந்த உடன்படிக்கையின் 5-வது பிரிவே சொல்கிறது. இன்றுவரை இயற்றவில்லை. 2024 ஜூலையில் பழைய தண்டனைச் சட்டத்தை மூட்டை கட்டிவிட்டு பாரதிய நியாய சன்ஹிதாவைக் கொண்டு வந்தார்களே, அப்போதாவது சேர்த்திருக்கலாம், அதிலும் கிடையாது. உடன்படிக்கையில் சேருவது மத்திய அரசின் வேலை. ஆனால் நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் அதன்கீழ் ஒரு எஃப்.ஐ.ஆராவது பதிய முடியும்.

இதன் விளைவு 2018-ல் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. 1984 சீக்கியர் படுகொலை வழக்கில் முன்னாள் காங்கிரஸ் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு ஆயுள் தண்டனை கொடுத்த டெல்லி உயர் நீதிமன்றம் (நீதிபதிகளில் ஒருவர் நம்ம ஊர்க்காரரான எஸ். முரளிதர்), இனப்படுகொலையும் மானுடத்துக்கு எதிரான குற்றமும் நம் சட்டத்தில் இல்லை, இந்த ஓட்டையைச் சீக்கிரம் அடைக்க வேண்டும் என்று தீர்ப்பிலேயே எழுதியது. வேறு வழியில்லாமல் கொலை, சதி என்று வழக்கமான பிரிவுகளில்தான் தண்டனை.

கேள்வி: விசாகா வழக்கில் மட்டும் சட்டமே இல்லாமல் சர்வதேச உடன்படிக்கையை உச்ச நீதிமன்றம் எடுத்துக்கொண்டதே?
- வாசகர், ஈரோடு

நல்ல மடக்கல்! 1997-ல் அது செய்தது, வேலையிடத்தில் பாலியல் தொல்லையிலிருந்து பெண்களைக் காக்கும் வழிமுறைகளை வகுத்தது. உரிமையை அப்படி விரித்துப் படிக்கலாம். ஒருவரைச் சிறைக்கு அனுப்புவது வேறு சமாச்சாரம். செயல் நடந்த நாளில் அது குற்றம் என்று சட்டம் இருந்திருக்க வேண்டும், அரசியல் சாசனத்தின் 20(1) பிரிவு அதைத்தான் கேட்கிறது. அதனால் நீதிபதி நினைத்தாலும் புதுக் குற்றத்தை உண்டாக்க முடியாது.

கேள்வி: சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கை என்ன ஆச்சு?
- வாசகி, தூத்துக்குடி

1997-ல் கையெழுத்து மட்டும் போட்டோம், இன்னும் ஏற்கவில்லை. 2010-ல் ஒரு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவைத் தேர்வுக் குழுவுக்குப் போய், கடைசியில் காலாவதியானது. 2017-ல் சட்ட ஆணையம் புது வரைவே எழுதிக் கொடுத்தது, அதுவும் சட்டமாகவில்லை. பக்கத்தில் இலங்கை 1994-லேயே தனிச்சட்டம் போட்டது, குறைந்தபட்சம் 7 ஆண்டு சிறை. அதனால் அங்கே சித்திரவதை நின்றுவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் அதே பெயரில் வழக்குப் போட ஒரு சட்டமாவது கையில் இருக்கிறது. நமக்கு இதில் நேரடி நஷ்டமும் உண்டு. 1995-ல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதங்களைக் கொட்டிய வழக்கில் நாம் தேடும் டென்மார்க்காரரை, இங்கே சித்திரவதை செய்யப்படலாம் என்ற காரணத்தைச் சொல்லி அந்த நாட்டு நீதிமன்றங்கள் 2011-லும் 2024-லும் அனுப்ப மறுத்துவிட்டன.