68 டிகிரி பயப்படும் சூடு இல்லை

அண்ணே, கடலூர் முகத்துவாரத்தில் மே மாத வெயிலில் படகு எஞ்சினின் பிளாக் 68 டிகிரி காட்டுகிறது, அவுட்போர்டை (படகின் பின்னால் மாட்டும் எஞ்சினை) கழற்றணுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பல ஃபோர் ஸ்ட்ரோக் அவுட்போர்டுகளில் தெர்மோஸ்டாட் (சூட்டைப் பொறுத்துத் தண்ணீருக்கு வழி விடும் வால்வு) திறப்பதே 60 டிகிரி வாக்கில்தான். எஞ்சினுக்குள் ஓடும் கடல் தண்ணீர் 30 டிகிரி இருந்தாலும் குளிர்விக்கத் தாராளமாகப் போதும். கார் எஞ்சின் மாதிரி 90-இல் ஓடவிட்டால் உள்ளே உப்பு படிந்துவிடும். அதனால்தான் இதைக் குறைவாக வைத்திருக்கிறார்கள்.

நான் பார்ப்பது பின்னால் பீச்சும் தண்ணீரைத்தான். வெதுவெதுப்பாக, விட்டுப்போகாமல் வந்தால் சரி. நூலாக இழுத்தால் முதலில் அந்த ஓட்டையைக் கம்பியால் குத்திப் பாருங்கள், பெரும்பாலும் மணல்தான். அப்புறமும் மெதுவாக ஓட்டும்போது சூடு ஏறி, வேகமெடுத்தால் இறங்குகிறதா? தண்ணீரை இழுத்துத் தள்ளும் இம்பெல்லரின் ரப்பர் தேய்ந்திருக்கும். முகத்துவார மணல் அதைச் சீக்கிரமே தின்றுவிடும். அலாரம் அடித்தால் மட்டும் யோசிக்காமல் எஞ்சினை அணைத்துவிடுங்கள்.