பெர்க் எச்700 கார்டு: ராக்கி 8 நிறுவும்போது வட்டு தெரியாத சிக்கல்

வணக்கம். டெல் நிறுவனத்தின் பெர்க் எச்700 ரெய்டு கார்டு (பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் கார்டு) உள்ள, சென்டாஸ் 7 லினக்ஸில் ஒழுங்காக ஓடிய சர்வரில் ராக்கி 8 லினக்ஸை நிறுவப் போனால் ஒரு வட்டுகூடத் தெரியவில்லை என்கிறீர்கள். முதலில் ஒன்று, ரெய்டு கார்டின் பயாஸுக்குள் போய் எதையும் இனிஷியலைஸ் செய்துவிடாதீர்கள் (அது வட்டில் உள்ளதை அழித்துவிடும்), உள்ளே தரவு பத்திரமாகத்தான் இருக்கும்.

கார்டு பழுதில்லை. ரெட் ஹாட் லினக்ஸின் 8-ஆம் பதிப்பில் இந்தக் கார்டை இயக்கும் மெகாரெய்டு சாஸ் (megaraid_sas) டிரைவர் இருக்கிறது, ஆனால் அது ஏற்கும் கார்டுகளின் பட்டியலிலிருந்து பழைய அடையாள எண்கள் (பிசிஐ ஐடி) பலவற்றை எடுத்துவிட்டார்கள், எச்700-இன் 1000:0079 எண்ணும் அதில் போய்விட்டது, ரெட் ஹாட்டை ஒட்டி உருவாக்கப்படும் ராக்கி அதை அப்படியே பின்பற்றுகிறது. சர்வரில் உள்ள கார்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை -என்என்கே என்று சேர்த்து (lspci -nnk) ஓட்டிப் பாருங்கள். கார்டின் பெயரும் இந்த எண்ணும் வந்து, எந்த டிரைவர் பயன்பாட்டில் உள்ளது என்ற வரி மட்டும் இல்லையென்றால் இதுதான் காரணம்.

ராக்கிதான் வேண்டுமென்றால் ரெட் ஹாட் வகை லினக்ஸுகளுக்குக் கூடுதல் டிரைவர்கள் தரும் எல்ரெப்போ (ELRepo) தளத்தில் இந்த டிரைவருக்கான டிடி ஐஎஸ்ஓ (நிறுவும்போது டிரைவரைச் சேர்க்க உதவும் வட்டுக் கோப்பு) கிடைக்கும், உங்கள் 8.x பதிப்புக்குப் பொருந்துவதையே எடுத்து, நிறுவியின் பூட் வரியில் ஐஎன்எஸ்டி.டிடி (inst.dd) விருப்பத்தில் கொடுங்கள். அப்புறம் ஒவ்வொரு கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) அப்டேட்டிலும் அந்த டிரைவர் மாட்யூல் புதிய கெர்னலுக்கும் ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே ரீபூட், பழைய கெர்னலை அழிக்கவே வேண்டாம்.

என்னைக் கேட்டால் இந்தத் தொல்லையே வேண்டாம். மூல லினக்ஸ் கெர்னலில் அந்த எண் இன்னும் இருப்பதால் டெபியன் என்ற லினக்ஸில் கார்டு நேராகத் தெரியும். ரெட் ஹாட் குடும்பம்தான் வேண்டுமென்றால் 2024-இல் வந்த ஆல்மா லினக்ஸ் 9.4-ஐப் பாருங்கள், அதில் மெகாரெய்டு சாஸ் பழைய கார்டுகளுக்கான ஆதரவைத் திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். சர்வரின் சிபியு 9-ஆம் பதிப்புக்குப் போதுமா என்பதை மட்டும் முன்கூட்டியே சரிபாருங்கள். மேலே சொன்ன எல்எஸ்பிசிஐ கட்டளையின் வெளியீட்டை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.