63-3 யாருக்குச் சாட்சி?

கேள்வி: 2023-ல் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி 13 ஆட்டங்களையும் ஜெயித்தும் தேசியக் கோப்பைக்கான பிளேஆஃபில் (தேர்வுக் குழு பொறுக்கும் நான்கு அணிகளின் இறுதிச் சுற்று) சேர்க்கப்படவில்லை என்று இன்னமும் புலம்புகிறார்கள். போன இதழில் நீங்களும் அதை அநியாயம் என்று எழுதினீர்கள். அதே அணிதானே அடுத்த ஆட்டத்திலேயே ஜார்ஜியாவிடம் 63-3 என்று மண்ணைக் கவ்வியது? தேர்வுக் குழு கணித்தது சரி என்று ஒப்புக்கொண்டால் என்ன குறைந்துவிடும்? (வாசகர் ஒருவர்)

பதில்: ஒன்றும் குறையாது. ஆனால் “அதே அணி” என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது.

2023 டிசம்பர் 30 அன்று ஆரஞ்ச் பவுலில் (பருவம் முடிந்தபின் நடக்கும் ‘பவுல்’ என்ற தனி ஆட்டங்களில் ஒன்று) இறங்கியவர்களுக்கும் அந்த 13 ஆட்டங்களை ஜெயித்தவர்களுக்கும் சட்டை மட்டும்தான் ஒன்று. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் ஆடவே இல்லை. பந்து பிடிக்கும் கியான் காலமன் இல்லை, பந்தோடு ஓடும் ட்ரே பென்சன் இல்லை, தடுப்பு வரிசையின் நட்சத்திரமான ஜாரெட் வெர்ஸ் இல்லை. கோப்பைக்கு வழியில்லாத ஓர் ஆட்டத்தில் முட்டியை உடைத்துக்கொண்டால் என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் ஒப்பந்தம் போய்விடும் என்று பயந்தவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வெர்ஸ் அடுத்த ஆண்டே என்எஃப்எல்லில் சிறந்த அறிமுகத் தடுப்பாட்டக்காரர் விருதை வாங்கினார். அப்படிப்பட்டவர்களை வெளியே உட்காரவைத்த முடிவுக்கு, அவர்கள் ஆடாத ஆட்டத்தின் ஸ்கோரையே சாட்சியாகக் கூப்பிடுகிறீர்கள். சமையல்காரரை அனுப்பிவிட்டு ரசம் சரியில்லை என்பது போலிருக்கிறது.

ஜார்ஜியாவையும் சொல்லவேண்டும். அவர்களும் பிளேஆஃபில் இடம் கிடைக்காத கடுப்பில்தான் வந்தார்கள். ஆனால் பெரும்பாலும் முழு அணியாக வந்தார்கள், வெளுத்தார்கள். பவுல் ஆட்டங்களின் வரலாற்றிலேயே பெரிய வித்தியாசம் அது. மரியாதை அவர்களுக்கு.

சரி, முடிவு எடுத்த நாளுக்கு வருவோம். டிசம்பர் 3, டெக்சஸில் ஒரு ஹோட்டல், 13 பேர் கொண்ட குழு, நான்கு இடங்கள். மிச்சிகனும் வாஷிங்டனும் தோல்வியே காணாதவை, அவற்றில் சர்ச்சை இல்லை. மூன்றாவது டெக்சஸ், நான்காவது அலபாமா, இரண்டுக்கும் தலா ஒரு தோல்வி. ஃப்ளோரிடா ஸ்டேட் ஐந்தாவது. நான்கு அணி பிளேஆஃப் தொடங்கிய 2014 முதல், பெரிய ஐந்து கான்ஃபரன்ஸ்களில் (கல்லூரி அணிகள் பிரிந்து ஆடும் லீக்குகள்) ஒன்றைத் தோல்வியில்லாமல் வென்ற அணி வெளியே நின்றது அதுதான் முதல் தடவை.

காரணம் ஒரு கால். நவம்பர் 18 அன்று, வட அலபாமா என்ற சின்ன அணியோடு ஆடியபோது பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸின் இடது கால் முறிந்தது. இவர் இல்லாத அணி வேறு அணி என்றது குழு. முக்கிய ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்கில் எடுக்கலாம் என்று அவர்களுடைய விதியிலேயே இருக்கிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அவர் போன பிறகும் இரண்டு ஆட்டங்கள் நடந்தனவே! மாற்று ஆளான டேட் ரோட்மேக்கரோடு ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தை (இது வேறு அணி) அதன் சொந்த மைதானத்திலேயே 24-15 என்று வென்றார்கள். அவருக்கும் தலையில் அடிபட்டது. மூன்றாவது ஆளாக முதலாண்டு மாணவர் பிராக் க்ளென்னை இறக்கி, தங்கள் கான்ஃபரன்ஸான ஏசிசியின் இறுதியில் லூயிவில்லை 16-6 என்று வென்றார்கள். கால் இன்னும் முன்பே உடைந்திருக்கக் கூடாதா, அணி நான் மட்டுமல்ல என்று பார்த்திருப்பீர்களே என்ற பொருளில் டிராவிஸ் எழுதினார். அவர் பிறகு என்எஃப்எல்லில் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2025 ஏப்ரலில் அந்தக் காலால்தான் ஓய்வு அறிவித்தார்.

16-6 பார்க்கச் சகிக்கவில்லை என்பீர்கள். ஆமாம், நானும் கொட்டாவி விட்டுக்கொண்டேதான் பார்த்தேன். ஆனால் எதிரணியை ஆறு புள்ளியில் கட்டிப்போட்டது அவர்களுடைய தடுப்பு. அழகுக்குத் தனி மதிப்பெண் உண்டென்றால் அலபாமாவையும் அதே கண்ணால் பாருங்கள். சொந்த மைதானத்தில் டெக்சஸிடம் 34-24 என்று தோற்றவர்கள். ஆபர்னோடு கடைசி நிமிடத்தில், நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் 31 கெஜம் தேவைப்பட்டபோது கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது போன்ற ஒரு பந்தில் தப்பித்தவர்கள். அப்புறம் ஜார்ஜியாவை 27-24 என்று வென்றார்கள், அது பெரிய வெற்றிதான். பிளேஆஃபில் மிச்சிகனிடம் தோற்றார்கள். அதை வைத்து அலபாமாவைச் சேர்த்தது தவறு என்று நான் வாதாடினால் உங்கள் 63-3 வாதம் மாதிரியே ஆகிவிடும், விட்டுவிடுகிறேன்.

மூன்றாவது குவார்ட்டர்பேக்கோடு என்ன சாதிக்க முடியும் என்று கேட்பவர்கள் 2014-ஐ மறந்துவிடுகிறார்கள். ஒஹையோ ஸ்டேட்டுக்கு முதல் ஆளும் இல்லை, இரண்டாவது ஆளும் இல்லை. மூன்றாவது ஆளான கார்டேல் ஜோன்ஸோடு கான்ஃபரன்ஸ் இறுதியில் விஸ்கான்சினை 59-0 என்று நொறுக்கினார்கள். குழு அவர்களை நான்காவதாகச் சேர்த்தது. அலபாமாவையும் ஆரிகனையும் வென்று கோப்பையைத் தூக்கினார்கள். 59-0 எங்கே, 16-6 எங்கே என்பது நியாயமான கேள்வி. ஆனால் அன்று ஆடிப் பார்க்க இடம் கொடுத்தார்கள். இங்கே ஆடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது.

ஃப்ளோரிடா ஸ்டேட் அதற்கடுத்த ஆண்டு 2 வெற்றி, 10 தோல்வி என்று சரிந்ததையும் அடுத்த கடிதத்தில் எடுத்துப் போடுவீர்கள் என்று தெரியும். அது வேறு பருவம், பெரும்பாலும் வேறு ஆட்கள். அந்தச் சரிவுக்குப் பயிற்சியாளர் மைக் நார்வெல்தான் பதில் சொல்லவேண்டும், 2023-ன் மாணவர்கள் அல்ல.

பிளேஆஃப் 2024-ல் 12 அணிகளாக விரிந்தது இவர்களுக்காக என்று சிலர் நினைக்கிறார்கள். இல்லை, அது 2022-லேயே முடிவானது. ஒரு வருஷம் முன்னால் அமலுக்கு வந்திருந்தால், அந்த ஐந்தாம் இடத்துக்கு அவர்கள் ஊரான டலஹாசியில் சொந்த மைதானத்திலேயே முதல் சுற்று ஆட்டம் கிடைத்திருக்கும். வெர்ஸும் காலமனும் அன்று சட்டை போட்டிருப்பார்கள்.