பாஸ்வேர்டு அடிக்காமலே வெளியே போகுமா?

கேள்வி: எங்கள் ஆடிட்டர் அலுவலகத்தில் 12 விண்டோஸ் கணினிகள் இருக்கின்றன. பொதுக் கோப்புகள் எல்லாம் ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் இணைத்த கோப்புச் சேமிப்பகம்). எல்லாக் கணக்குகளையும் ஒரே சர்வரிலிருந்து நிர்வகிக்கும் டொமைன் கிடையாது. போன வாரம் ரவுட்டர் பதிவைப் பார்த்தபோது, ஒரு கணினி 445 போர்ட் (கோப்புப் பகிர்வுக்கான வாசல்) வழியாக முன்பின் தெரியாத வெளி முகவரியோடு தொடர்புகொள்ள முயன்றது தெரிந்தது. அதில் வேலை செய்பவர் மெயிலில் வந்த ஒரு ஜிப் கோப்பை விரித்துப் பார்த்தாராம். எங்கேயும் பாஸ்வேர்டு அடிக்கவில்லை என்கிறார். அப்படியும் பாஸ்வேர்டு வெளியே போயிருக்குமா? இனி எப்படித் தடுப்பது?

பதில்: போயிருக்கலாம். அவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம்.

விண்டோஸில் ஒரு பாதை இரண்டு பின்சாய்கோடுகளோடு தொடங்கினால், அது வேறொரு கணினியில் இருக்கும் கோப்புறை என்று பொருள். அதைத் திறக்கச் சொன்னதும் விண்டோஸ் உங்களிடம் எதுவும் கேட்காது. காலையில் எந்தப் பெயரில் உள்நுழைந்தீர்களோ, அந்த அடையாளத்தைத்தான் முதலில் நீட்டிப் பார்க்கும். அது செல்லாவிட்டால்தான் பெயரும் பாஸ்வேர்டும் கேட்கும் பெட்டி வரும். எதிரில் இருப்பது உங்கள் நாஸா, எங்கோ இருக்கும் திருடனின் சர்வரா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரு ஷார்ட்கட் கோப்பின் ஐகான் வெளி சர்வரில் இருப்பதாக எழுதிவைத்தால், அந்தக் கோப்புறையைத் திறந்த மாத்திரத்தில் ஐகானை எடுக்கக் கணினி அங்கே போகக்கூடும். உங்கள் ஊழியர் விரித்த ஜிப்பிலும் இதுபோல ஏதாவது இருந்திருக்கலாம். 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் அடைத்த அவுட்லுக் ஓட்டை இன்னும் மோசம். நினைவூட்டலுக்கு ஒலிக்க வேண்டிய கோப்பு வெளி சர்வரில் இருப்பதாகக் குறித்த மெயில் வந்து சேர்ந்தாலே போதும், அதை யாரும் திறக்கக்கூட வேண்டாம்.

இப்படிப் போவது பாஸ்வேர்டு அல்ல. அடையாளத்தைச் சரிபார்க்க விண்டோஸ் வைத்திருக்கும் என்.டி.எல்.எம். என்ற பழைய முறையில் சர்வர் ஒரு எண்ணை அனுப்பும். பாஸ்வேர்டிலிருந்து உண்டான ஹாஷை (திரும்பப் பாஸ்வேர்டாக மாற்ற முடியாத ஒரு எண்) வைத்து அதற்கு ஒரு விடையைக் கணக்கிட்டு, பயனர் பெயரோடு சேர்த்துக் கணினி திருப்பி அனுப்பும். அந்த விடை கையில் கிடைத்தவன் தன் இடத்தில் உட்கார்ந்தபடி லட்சக்கணக்கான பாஸ்வேர்டுகளைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். சின்ன பாஸ்வேர்டு வெகுநேரம் தாங்காது. ரவுட்டர் அந்த முயற்சியைத் தடுத்ததாகப் பதிவில் தெளிவாக இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் போய்விட்டதாகவே வைத்துக்கொண்டு அந்த ஊழியரின் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அவர் மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைகிறவர் என்றால் அந்தக் கணக்கின் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். அதையே நாஸுக்கும் மெயிலுக்கும் வைத்திருந்தால் அங்கேயும்தான்.

சரி, இனி தடுப்பது. ரவுட்டரில் உள்ளிருந்து இணையத்துக்குப் போகும் 445, 139 போர்ட்களை அடைத்துவிடுங்கள். உங்கள் அலுவலகத்தில் இதை அடைப்பதால் நிற்கப்போகிற வேலை எதுவும் இருக்காது. ஆனால் லேப்டாப்புகள் வீட்டுக்கும் ஹோட்டலுக்கும் போகும், உங்கள் ரவுட்டர் கூடப் போகாது. அவற்றில் விண்டோஸ் ஃபயர்வாலில் அதே போர்ட்களுக்கு, 'பப்ளிக்' நெட்வொர்க்கில் இருக்கும்போது, அவுட்பவுண்ட் தடை, அதாவது வெளியே போவதற்கான தடை போடுங்கள்.

அப்புறம் உள்ளே இருக்கும் ஆபத்து. யாராவது நாஸின் பெயரைத் தப்பாக அடித்தால், பெயருக்கு முகவரி சொல்லும் டி.என்.எஸ்.ஸில் விடை கிடைக்காத கணினி 'இந்தப் பெயர் யாருக்கு?' என்று அந்த நெட்வொர்க் முழுவதும் கேட்கும். எல்.எல்.எம்.என்.ஆர்., நெட்பயாஸ் என்று இதற்கு இரண்டு பழைய வழிகள் உண்டு. அதே வைஃபையில் இருக்கும் எவரும் 'நான்தான்' என்று பதில் சொல்லி அடையாளத்தை வாங்கிக்கொள்ளலாம். முதலாவதை குரூப் பாலிசி எடிட்டரில் (விண்டோஸின் விதிகளை மாற்றும் கருவி) டி.என்.எஸ். கிளையன்ட் பகுதியிலும், இரண்டாவதை நெட்வொர்க் அடாப்டரின் வின்ஸ் தாவலிலும் அணைக்கலாம். வாடிக்கையாளருக்குத் தனி வைஃபை கொடுங்கள்.

உண்மையான பூட்டு குரூப் பாலிசியில் இருக்கிறது. செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ் பகுதியில் 'ரெஸ்ட்ரிக்ட் என்.டி.எல்.எம்.' என்று தொடங்கும் வரிகளில், இந்தக் கணினியிலிருந்து வேறு எந்தச் சர்வருக்கும் போகும் என்.டி.எல்.எம். பற்றிய வரியைப் பாருங்கள். அனுமதி, ஆடிட் (தடுக்காமல் குறித்து மட்டும் வைப்பது), மறுப்பு என்று அதில் மூன்று நிலைகள். தயவுசெய்து நேராக மறுப்புக்குப் போகாதீர்கள். ஒரு அலுவலகத்தில் நான் அப்படிச் செய்தேன். மறுநாள் காலை பகிர்ந்த பிரிண்டர், கணக்கு டேட்டா, ரிமோட் டெஸ்க்டாப் மூன்றும் நின்றுபோய் எல்லோரும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். டொமைன் இல்லாத இடத்தில் கணினிகளுக்கிடையே நடக்கும் கோப்புப் பகிர்வு பெரும்பாலும் என்.டி.எல்.எம்.மில்தான் ஓடுகிறது.

ஆடிட்டில் வைத்து இரண்டு வாரம் விடுங்கள். மாதக் கடைசி அதற்குள் வந்தால் நல்லது, அப்போதுதான் எல்லா வேலையும் நடக்கும். விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் என்.டி.எல்.எம். பதிவுக்குள் 8001 எண்ணுள்ள குறிப்புகளில், எந்தக் கணினி எங்கே போனது என்று வந்துவிடும். அதில் நாஸும் பிரிண்டர் இணைந்த கணினியும் தெரிந்தால், ஊழியர்கள் அவற்றை எந்தப் பெயரால் திறக்கிறார்களோ அதே பெயரை விதிவிலக்குப் பட்டியலில் சேருங்கள். வெளி முகவரி ஏதாவது தெரிந்தால் மற்றதை நிறுத்திவிட்டு அந்தக் கணினியை முதலில் பாருங்கள். பட்டியல் முடிந்ததும் ஒரு கணினியில் மட்டும் மறுப்பை வைத்து, ஒரு நாள் முழுக்க அதில் வழக்கமான வேலையைச் செய்யச் சொல்லுங்கள். தடையில்லை என்றால் மற்ற 11 கணினிகளுக்கும் அதையே வைக்கலாம். விண்டோஸ் ஹோம் பதிப்பு உள்ள கணினிகளில் இந்த எடிட்டர் வராது. அவற்றை ப்ரோவுக்கு மாற்றும்வரை ரவுட்டர், ஃபயர்வால் தடைகளைத்தான் நம்பியிருக்க வேண்டும்.