எல்லாம் ஏன் கீழேயே விழுகிறது? – கேள்வி பதில்

ஈர்ப்புவிசை பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

மேலூர் மாணவி: யானைமலை உச்சியிலிருந்து பாறாங்கல்லையும் கூழாங்கல்லையும் ஒன்றாகப் போட்டால் சேர்ந்தே விழும் என்று பரீட்சையில் எழுதிவிட்டேன் சார். ஆனால் மனசு ஒப்பவில்லை.

ஒப்பாததில் தப்பில்லை பாப்பா, அரிஸ்டாட்டிலும் உன் கட்சிதான். பாறாங்கல் ஆயிரம் மடங்கு கனம் என்றால் பூமி அதை ஆயிரம் மடங்கு பலமாக இழுக்கிறது. இதுவரை எல்லோருக்கும் புரிந்துவிடும். மறந்துபோவது மீதிப் பாதி: அவ்வளவு கனத்தை நகர்த்தவும் ஆயிரம் மடங்கு விசை வேண்டும். இழுப்பு கூடும் அளவுக்கே முரண்டும் கூடுவதால், எதைப் போட்டாலும் நொடிக்கு நொடி அதன் வேகம் 9.8 மீட்டர் கூடும்.

இடையில் புகுந்து குழப்புவது காற்று. ஒரு தாளை நோட்டுப் புத்தகத்தோடு விட்டுப் பார், அசைந்தாடிப் பின்தங்கி வரும். அதே தாளைக் கசக்கி உருண்டையாக்கி விடு. எடை ஒரு துளி கூடவில்லை, ஆனாலும் நோட்டோடு சேர்ந்து தரைக்கு வந்துவிடும். காற்றில்லாத நிலாவில் 1971இல் அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட் சுத்தியலையும் இறகையும் ஒன்றாக விட்டார். இரண்டும் ஒன்றாகவே தரை தொட்டன.

திருமங்கலம் வாசகர்: அப்படியானால் நிலா ஏன் விழவில்லை?

விழுந்துகொண்டுதான் இருக்கிறது. கையிலிருந்து நழுவும் பொருள் முதல் நொடியில் 4.9 மீட்டர் இறங்கும். பூமியின் மையத்திலிருந்து நாம் இருப்பதைப்போல் 60 மடங்கு தூரத்தில் நிலா இருக்கிறது. தூரம் 60 மடங்கானால் இழுப்பு 3,600இல் ஒரு பங்கு. ஆக, நிலா நொடிக்கு 1.4 மில்லிமீட்டர்போல நம் பக்கம் இறங்குகிறது. அதற்குள் பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. இரண்டும் சேர்ந்ததுதான் அதன் சுற்றுப்பாதை.

செல்லூர் வாசகர்: விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?

அது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கிறது, மதுரை–சென்னை தூரம்கூட வராது. இங்குள்ள ஈர்ப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு அங்கேயும் உண்டு. நிலையமும் ஆளும் சேர்ந்தே விழுவதால் காலுக்கடியில் தாங்க ஒன்றும் இல்லை, கனமும் தெரிவதில்லை.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி: கொடைக்கானலுக்கு அனுப்பும் மல்லிகை எடை குறைகிறது. மலை மேலே ஈர்ப்பு கம்மி என்கிறார்கள். நிஜமா?

நிஜம்தான் அண்ணே, ஆனால் அதைச் சொல்லிக் காசைக் குறைத்தால் விடாதீர்கள். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். அதனால் குறைவது கிலோவுக்கு அரை கிராம் அளவுதான். மீதியெல்லாம் பூ வாடிப் போன தண்ணீர். அந்த அரை கிராமும், இங்கே சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசை அங்கே கொண்டுபோனால்தான் தெரியும். அது அழுத்தத்தை அளக்கிறது. தட்டுத் தராசு என்றால் படிக்கல்லும் பூவோடு சேர்ந்தே லேசாகிவிடும், முள் அசையாது.

அதே எலக்ட்ரானிக் தராசு டில்லியில் கிலோவுக்கு ஒரு கிராம் கூட்டிக் காட்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் பூமி கொஞ்சம் உப்பியிருப்பதும் அதன் சுழற்சியும் நம்மூரில் எடையைக் குறைக்கின்றன.

குமரிமுனைக்குத் தெற்கே கதை இன்னும் சுவாரசியம். அங்கே ஈர்ப்பு வலுவிழந்திருப்பதால் இந்தியப் பெருங்கடலின் மட்டமே, இருக்கவேண்டியதைவிட 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கிறது. சரிவு மிக மெதுவானது, கப்பலில் போகிறவருக்குக் கடல் சமமாகத்தான் தோன்றும். ஆழத்தில் கிடக்கும் சூடான, அடர்த்தி குறைந்த பாறைதான் காரணம் என்று பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் 2023இல் சொன்னார்கள்.

உசிலம்பட்டி வாசகர்: பூமிக்குள் இருக்கும் காந்தம்தான் இழுக்கிறதா?

காந்தம் இரும்பை இழுக்கும், வெண்டைக்காயை இழுக்காது. ஈர்ப்பு எதையும் விடாது.

வாடிப்பட்டி வாசகர்: எவ்வளவு இழுக்கும் என்று சொல்கிறீர்கள். ஏன் இழுக்க வேண்டும்?

1687இல் நியூட்டன் கொடுத்ததும் அந்த ‘எவ்வளவு’தான். ‘ஏன்’ என்பதற்கு ஐன்ஸ்டைன் 1915இல் பதில் சொன்னார்: நிறை உள்ள பொருள் தன்னைச் சுற்றி இடத்தையும் காலத்தையும் வளைக்கிறது, விழும் பொருள் அந்த வளைவின்படி போகிறது. காலம் வளைவதா என்று சிரிக்க வேண்டாம். ஈர்ப்பு குறைந்த உயரத்தில் ஜிபிஎஸ் செயற்கைக்கோளின் கடிகாரம் நாளுக்கு 45 மைக்ரோநொடி முந்தும், வேகமாக ஓடுவதால் 7 மைக்ரோநொடி பிந்தும். மிச்சம் 38. இதைத் திருத்தாமல் விட்டால் ஒரே நாளில் சுமார் 10 கிலோமீட்டர் பிசகி, மாசி வீதியில் நிற்பவரை உங்கள் போன் திருப்பரங்குன்றத்துக்கு அப்பால் காட்டும்.