ஐரோப்பிய நாடுகள் தஞ்சம் கேட்டு வருபவர்களை ஏன் சமமாகப் பகிர்ந்துகொள்வதில்லை?

சிக்கலின் வேர், தஞ்ச மனுவை எந்த நாடு விசாரிக்க வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய ஒன்றியத்தின் டப்ளின் விதிமுறை. குடும்பத்தார் வேறொரு நாட்டில் இருப்பது போன்ற காரணம் இல்லாவிட்டால், ஒருவர் முதலில் கால்வைத்த நாடே அவருடைய மனுவை விசாரிக்க வேண்டும். கடல்வழியே வருபவர்கள் பெரும்பாலும் எங்கே கரையேறுவார்கள்? இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின். ஆக, வரைபடத்தில் ஒரு நாடு இருக்கும் இடமே அதன் சுமையைத் தீர்மானித்துவிடுகிறது. இது நியாயமே இல்லை.

2015 செப்டம்பரில் இதை மாற்றப் பார்த்தார்கள். இரண்டு ஆண்டுகளில் 1,60,000 பேர் வரை மற்ற நாடுகளுக்கு அனுப்பத் திட்டம். மக்கள்தொகை, பொருளாதார பலம், வேலையின்மை ஆகியவற்றைப் பார்த்துப் பங்கு பிரித்தார்கள். போய்ச் சேர்ந்தது ஏறத்தாழ 35,000 பேர்தான். போலந்தும் ஹங்கேரியும் ஒருவரைக்கூட ஏற்கவில்லை. செக் குடியரசு 12 பேரோடு நிறுத்திக்கொண்டது. மூன்று நாடுகளும் கடமை தவறின என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2020 ஏப்ரலில் தீர்ப்பளித்தபோது திட்டமே முடிந்துபோயிருந்தது.

2024-இல் ஏற்கப்பட்ட புதிய ஒப்பந்தம் கட்டாயத்தைத் தளர்த்தி, எதையாவது ஒன்றைச் செய் என்கிறது: ஆளை ஏற்கலாம், ஏற்காத ஒவ்வோர் ஆளுக்கும் 20,000 யூரோ கொடுக்கலாம், அல்லது பணியாளர், கருவிகள் என உதவலாம். எனக்கு இதில் பயம் உண்டு. எல்லாரும் பணத்தையே நீட்டினால், கிரீஸின் லெஸ்போஸ் தீவு முகாமில் காத்திருப்பவரை யார் அழைத்துக்கொள்வார்?