பல் கிளினிக்கில் குறடுகளை அவித்தால் போதுமா?

கேள்வி: நுவரெலியாவில் ஒரு தனியார் பல் கிளினிக்கில் உதவியாளராக வேலை செய்கிறேன். வயது 26. கொழும்பில் வேலை பழகியபோது, கருவிகளை ஓட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் இயந்திரம்) 15 இறாத்தல் அழுத்தத்தில் 20 நிமிடம் வைக்கச் சொல்லித் தந்தார்கள். இங்கே இருப்பது காஸ் அடுப்பில் வைக்கும் பிரெஷர் குக்கர் மாதிரியான ஒன்று. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் வருவதால், நேரம் போதாமல் குறடுகளைக் கொதிநீரில் அரை மணி நேரம் அவித்து எடுக்கிறோம். அது போதுமா? போன மாதம் கழுவும்போது கூரான கருவி ஒன்று விரலில் குத்திவிட்டது. நசுக்கி இரத்தத்தை வெளியேற்றி டெட்டோல் போட்டேன். டொக்டரிடம் சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: விரலிலிருந்தே தொடங்குவோம், தங்கச்சி. ஒரு மாதமாக இந்தப் பயத்தை மனதில் வைத்துக்கொண்டு வேலை செய்திருக்கிறீர்கள். முதலில் அது தீரட்டும்.

இப்படிக் குத்தும்போது மூன்று வைரஸ்களைப் பற்றி யோசிக்கிறோம். எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும், ஆயிரம் பேரில் மூன்று பேருக்குத்தான் தொற்றும். நடுவில் துவாரமுள்ள ஊசியைவிட, உங்களைக் குத்தியது போன்ற திடமான கருவியில் இரத்தம் குறைவாகவே ஒட்டியிருக்கும். ஈரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தொற்றலாம். அதற்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் இப்போது சில மாதங்கள் மாத்திரை எடுத்தே பெரும்பாலும் முழுமையாகக் குணமாகிவிடுகிறது. என்னைக் கவலைப்படுத்துவது ஹெபடைட்டிஸ் பிதான். தடுப்பூசி போடாதவருக்கு அந்த நோயாளியின் இரத்தம் குத்தினால் நூற்றுக்கு 6 முதல் 30 பேர் வரை தொற்றுக்கு ஆளாகலாம். காய்ந்துபோன இரத்தத்திலும் அந்த வைரஸ் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும்.

இலங்கையில் குழந்தைகளுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி கொடுக்கத் தொடங்கியது 2003இல்தான். உங்கள் வயதுக் கணக்கைப் பார்த்தால், வேலைக்குச் சேர்ந்தபோது யாராவது போட்டுவிட்டிருந்தால் ஒழிய உங்களுக்கு அது கிடைத்திருக்காது.

ஆகவே இந்த வாரமே மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போய், நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். மூன்று வைரஸுக்கும் இரத்தப் பரிசோதனை செய்வார்கள். எச்.ஐ.வி.க்கான பரிசோதனையை, குத்திய நாளிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை செய்தால் அந்தச் சந்தேகம் முடிந்துவிடும். மற்ற இரண்டுக்கும் ஆறாவது மாதம் வரை பார்ப்பது வழக்கம். பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்பினால் கூச்சப்படாதீர்கள். எச்.ஐ.வி. பரிசோதனையும் தடுப்பு மருந்தும் அவர்கள் பொறுப்பில் இருப்பதால்தான் அங்கே அனுப்புகிறார்கள். கட்டணம் இல்லை, விஷயமும் வெளியே போகாது. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியையும் உடனே தொடங்குங்கள். இன்று ஒன்று, ஒரு மாதத்தில் ஒன்று, ஆறாவது மாதம் ஒன்று. மூன்றாவது ஊசி போட்டு ஒன்று இரண்டு மாதங்களில், உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பரிசோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சிலருக்கு மூன்று ஊசி போட்டும் எதிர்ப்புச் சக்தி வருவதில்லை என்பதால் விடக்கூடாது.

இனிமேல் குத்தினால் நசுக்க வேண்டாம், வாயால் உறிஞ்ச வேண்டாம், டெட்டோலோ ஸ்பிரிட்டோ ஊற்ற வேண்டாம். குழாய்த் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவினால் போதும். கண்ணில் தெறித்தால் வெறும் தண்ணீரால் சில நிமிடங்கள் கழுவுங்கள். அப்புறம் அதே நாள், முடிந்தால் அதே மணித்தியாலத்தில் வைத்தியசாலைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் பயன், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. தொடங்கினால் 28 நாட்கள் எடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்தக் காலம் தாண்டிவிட்டதால் பரிசோதனைதான் வழி.

சரி, குறடுகளுக்கு வருவோம். அவிப்பது போதாது. கொழும்பிலும் போதாது, நுவரெலியாவில் இன்னும் போதாது.

கொழும்பில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கிறது. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறைவதால் கொதிநிலையும் இறங்கும், ஏறக்குறைய 300 மீற்றருக்கு ஒரு பாகை. ஹட்டனில் அது 96 பாகைக்குப் பக்கம். கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் சுமார் 94 பாகைதான். மலையில் பருப்பு வேகக் கூடுதல் நேரம் எடுப்பது அதனால்தான். பல கிருமிகளை 94 பாகை கொன்றுவிடும், உண்மைதான். ஆனால் சில பக்டீரியாக்கள் தடித்த உறை போட்ட வித்துகளாக ஒடுங்கிக்கொள்ளும். அந்த வித்துகள் கொதிநீரில் அரை மணி கிடந்தாலும் சாவதில்லை. பல்லைப் பிடுங்கும் குறடு எலும்பையும் இரத்தத்தையும் தொடுகிறது. அதில் ஒரு கிருமிகூட உயிரோடு இருக்கக்கூடாது.

அடுத்தது அந்த பிரெஷர் குக்கர். கொழும்பில் சொல்லித்தந்தது பிழையில்லை, அது கொழும்புக்குச் சரியான கணக்கு. முள் காட்டும் 15 இறாத்தல் என்பது வெளியே இருக்கும் காற்றைவிட உள்ளே எவ்வளவு அழுத்தம் கூட என்பதைத்தான் சொல்கிறது. கொழும்பில் அந்த 15 இறாத்தலில் நீராவி 121 பாகைக்கு வரும். அந்த வெப்பத்தில் 15 நிமிடம் நின்றால் வித்துகளும் செத்துவிடும், 20 நிமிடம் என்றால் கொஞ்சம் கையிருப்பும் உண்டு. நுவரெலியாவில் வெளிக் காற்றே இலேசாக இருப்பதால், முள் அதே 15இல் நின்றாலும் உள்ளே சுமார் 118 பாகைதான் இருக்கும். மூன்று பாகை அற்பம் என்று தோன்றும். ஆனால் 118 பாகையில் அதே வேலை நடக்க ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தேவை.

121 பாகை வேண்டுமென்றால் அங்கே முள் 18 இறாத்தலுக்கு வர வேண்டும். அதை நீங்களாக முயற்சி செய்யாதீர்கள். பாதுகாப்பு வால்வு 15க்கென்று அமைத்ததாக இருந்தால் அதைக் கட்டிவைப்பதும் பாரம் ஏற்றுவதும் ஆபத்து. 15 இறாத்தலிலேயே வைத்து முழுதாக 30 நிமிடம் விடுங்கள். நேரத்தை எண்ண வேண்டியது முள் 15இல் நின்ற பிறகு, அடுப்பைப் பற்றவைத்ததிலிருந்து எண்ணக்கூடாது. அதற்கு முன் நீராவித் துவாரத்தைத் திறந்து வைத்து, ஆவி விடாமல் சீறிக்கொண்டு வரும்வரையும் அதன்பின் ஒரு ஐந்து நிமிடமும் பொறுத்து மூடுங்கள். உள்ளே காற்று தங்கிவிட்டால் முள் 15ஐக் காட்டும், ஆனால் வெப்பம் அந்தளவுக்கு ஏறியிருக்காது. காகித உறையிட்ட கருவிகளை இடைவெளி விட்டு நிமிர்த்தி அடுக்குங்கள். கைப்பிடி டிரில்லின் உள்ளே குழாய்கள் இருக்கின்றன. இந்த மாதிரிப் பாத்திரத்தில் ஆவி அங்கே போய்ச் சேரும் என்று நம்ப முடியாது. அதற்கு, முதலில் காற்றை உறிஞ்சி எடுத்துவிடும் ஓட்டோகிளேவ்தான் வேண்டும்.

உறையில் ஒட்டும் டேப் கறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். சூடு பட்டதை மட்டும்தான் அது சொல்லும். வெப்பம், நேரம், நீராவி மூன்றையும் சேர்த்துக் காட்டும் பட்டிகள் உண்டு, ஒவ்வொரு தடவையும் நடுவில் ஒன்று வையுங்கள். வாரம் ஒருமுறை வித்துச் சோதனை, அதாவது உயிருள்ள வித்துகளை உள்ளே வைத்து அவை செத்தனவா என்று பார்ப்பது, எல்லாவற்றிலும் நம்பகமானது.

மலையின் குளிர் இன்னொரு தொல்லையும் கொடுக்கும். சூடான உறைகளை எடுத்துச் சில்லென்ற சீமெந்து மேசையில் வைத்தால் அடியில் நீர் கோர்த்துவிடும். ஈரமான காகிதம் வழியாகக் கிருமி உள்ளே போகும். உள்ளேயே காயவிட்டு, மடித்த துணி மேல் வைத்து, ஆறிய பிறகு எடுங்கள். ஈரமாக இருக்கும் உறையைத் திரும்ப வைக்கத்தான் வேண்டும்.

கழுவுமிடத்தில்தான் உங்களுக்கு அடிபட்டது. குளிருக்குக் கை விறைக்கும் என்று கருவிகளை நன்றாகக் கொதித்த தண்ணீரில் போடுவது பல இடங்களில் வழக்கம். அதில் இரத்தம் உறைந்து பொருத்துகளில் ஒட்டிக்கொள்ளும், அழுத்தித் தேய்க்க வேண்டிவரும், தேய்க்கும்போது குத்தும். வெதுவெதுப்பான தண்ணீரும் கழுவும் திரவமும் போதும். நோயாளி எழுந்தவுடன் ஊறப்போடுங்கள். மெல்லிய கையுறையோடு கழுவ வேண்டாம், தடித்த றப்பர் கையுறை போடுங்கள். நீண்ட பிடியுள்ள பிரஷால், ஒவ்வொரு கருவியாக, தண்ணீருக்கு அடியிலேயே தேயுங்கள். கையைத் தட்டுக்குள் விட்டுத் துழாவக்கூடாது. பயன்படுத்திய ஊசியைக் கழற்றிப் பெட்டியில் போடுவது ஊசி போட்டவரின் வேலை. தட்டில் ஊசியோடு உங்கள் கைக்கு வரவே கூடாது. மூடியை மறு கையால் பிடித்துப் போடாமல், மேசையில் வைத்து ஒரு கையால் கோரி எடுக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நெருக்கடிக்கு என் பதில் ஒன்றுதான்: குறடுகள் கூட வேண்டும். நேரத்தைக் குறைத்து அதைச் சமாளிக்க முடியாது. காலையில் எத்தனை செட் சுத்தமாக இருக்கிறதோ அத்தனை பேருக்குத்தான் பல் பிடுங்கலாம், மற்றவர்கள் அடுத்த சுற்று முடியும்வரை இருக்கட்டும். தூரத் தோட்டத்திலிருந்து பஸ் ஏறி, ஒரு நாள் சம்பளத்தை விட்டு வருகிறவர்களைக் காக்க வைப்பது கஷ்டம்தான். அதனால்தான் இதை டொக்டர் தீர்க்க வேண்டும், உங்கள் தலையில் விழக்கூடாது.

அவரிடம் குறை சொல்வது போலப் பேசத் தேவையில்லை. ஒரு கொப்பியில் ஒவ்வொரு தடவையும் தேதி, முள் 15க்கு வந்த நேரம், இறக்கிய நேரம், பட்டியின் முடிவு என்று எழுதி வாருங்கள். கொதிநிலைக் கணக்கையும் அதிலேயே எழுதி, எத்தனை செட் குறைகிறது என்பதையும் சேர்த்து அவர் முன் வையுங்கள். விரலில் குத்தியதையும் அதே நாளில் சொல்லிவிடுங்கள். தடுப்பூசிச் செலவை ஏற்க வேண்டியது கிளினிக்தான், அதையும் கேளுங்கள்.